சிவகாசிப் பட்டாசுப் பகுதியில் அரசு ஆலோசனைக் குழுக்களும் தலைக்காயமும் (1976–2021)

ஆய்வுச்சுருக்கம்

விருதுநகர் மாவட்டப் பட்டாசுத் தொழிலில் நிகழ்ந்த வெடிவிபத்துகளையும் தொழிலாளர் நிலையையும் ஆராய அரசும் நீதிமன்றங்களும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகக் குழுக்களை அமைத்து வந்துள்ளன. அக்குழுக்களிடம் கேட்கப்பட்ட கேள்வி எது, அவற்றில் இடம்பெற்றோர் யாவர், காயம் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது என்னும் மூன்றையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. தொழிலாளியின் வயதும் இறந்தோர் எண்ணிக்கையும் விதிமீறலும் குழுக்களின் பொருளாயின. உயிர் பிழைத்தோரின் காயம், குறிப்பாக வெளியே தெரியாத தலைக்காயம், தனிப்பொருளாகவில்லை. இவ்விடைவெளியின் வேர் குழுக்களின் அசட்டையைக் காட்டிலும் அவற்றுக்கு முன்பே எழுதப்பட்ட இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சிவகாசி, பட்டாசுத் தொழில், ஆலோசனைக் குழு, தலைக்காயம், தொழிலாளர் இழப்பீடு, உச்ச நீதிமன்றம்.

முன்னுரை

1923ஆம் ஆண்டில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் தொழில் வரலாறு தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். மழை குறைந்த கரிசல் நிலம், வேளாண்மையை மட்டும் நம்பி வாழ இயலாத ஊர்கள், காயவைத்த சரக்கு ஈரம் படாமல் உலரும் வெயில் ஆகியவை அத்தொழில் வேரூன்ற வழிவகுத்தன. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வந்தன. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் பட்டாசுத் தயாரிப்பை உரிம முறைக்குள் கொண்டுவந்தன. அன்று தொட்டு இன்று வரை இத்தொழிலில் உரிமம் என்பது ஓர் ஆவணம் மட்டுமன்று, ஆலையின் தகுதியைச் சொல்லும் அடைமொழியுமாகும். வெடிபொருள் துறைத் தலைமையகம் தருவது ‘நாக்பூர் லைசென்ஸ்’, அதன் மண்டல அலுவலகம் தருவது ‘சென்னை லைசென்ஸ்’, மாவட்ட வருவாய் அலுவலர் தருவது ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என மக்கள் ஆலைகளைத் தரம் பிரித்துப் பேசுகின்றனர்.

இப்பேச்சு வழக்கே ஆய்வாளருக்கு ஒரு திறவுகோல். வெடிபொருள் மத்திய அரசின் வணிகத் துறைக்கு உரியது. ஆலைக் கட்டடமும் பணிநிலையும் மாநிலத் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு உரியவை. சிறு உரிமம் வருவாய்த் துறைக்கும், கூலியும் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் தொழிலாளர் துறைக்கும், விபத்து நடந்தபின் வழக்கு காவல் துறைக்கும், உடல் மருத்துவத் துறைக்கும் உரியன. ஒரே விபத்து ஆறு கோப்புகளாகப் பிரிகிறது. அக்கோப்புகளை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு நிலையான அலுவலகம் எதற்கும் இல்லாமையால்தான் பெரும் விபத்து ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குழு தேவைப்பட்டது எனலாம்.

வயது என்னும் கேள்வி

தொடக்கக் காலக் குழுக்களுக்குத் தரப்பட்ட கேள்வி காயத்தைப் பற்றியதன்று, வயதைப் பற்றியது. 1938ஆம் ஆண்டின் குழந்தைகள் வேலையமர்த்தல் சட்டம் தன் பட்டியலில் தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தயாரிப்பைச் சேர்த்து, 12 வயதுக்குட்பட்டோரை அவற்றில் அமர்த்தலாகாது என்றது. சட்டம் இருந்தும் நடைமுறை மாறவில்லை. அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களிலுள்ள குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து ஹர்பன்ஸ் சிங் குழு 1976இல் தமிழ்நாடு அரசுக்கு அறிக்கை அளித்தது. 1979இல் நடுவண் அரசின் குருபாதசுவாமி குழு நாடு தழுவிய நிலையில் இதே பொருளை ஆராய்ந்தது. 1983 சூலையில் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரையும், 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும் சிவகாசியை நாட்டின் குழந்தை உழைப்புக்கு மறுபெயராக்கின.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் ஆலோசனைக் குழு என்பதை முதன்முறையாக இத்தொழிலை நேரடியாகத் தொடும் சட்டமொன்றின் உறுப்பாக்கியது. அதன் 5ஆம் பிரிவு, தலைவர் நீங்கலாகப் பதின்மருக்கு மேற்படாத உறுப்பினர் கொண்ட தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவை அமைக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் அளித்தது. எந்தெந்தத் தொழில்களை இடர்மிக்க பட்டியலில் சேர்ப்பது என அறிவுரை கூறுவதே அதன் பணி. இடர் என்பது ஒரு தொழிலின் பண்பாக இங்குப் பார்க்கப்பட்டதே அன்றி, அத்தொழிலில் அடிபட்ட ஒருவருக்குப் பின்னர் நேர்வதாகப் பார்க்கப்படவில்லை. குழந்தையை வேலையிலிருந்து வெளியேற்றிவிட்டால் கேள்வி தீர்ந்தது. அக்குழந்தையின் தாயும் தமக்கையும் அதே அறையில் அமர்ந்து திரி செருகிக்கொண்டிருந்தனர் என்பது அக்கேள்வியின் எல்லைக்கு வெளியே நின்றது.

1990–1991: கண்காணிப்புக் குழுவும் வழக்கறிஞர் குழுவும்

எம்.சி. மேத்தா 1986இல் தொடுத்த நீதிப்பேராணை மனுவில் உச்ச நீதிமன்றம் 1990 அக்டோபர் 31 அன்று தன் முதல் தீர்ப்பை வழங்கியது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர் இருந்தனர் என்றும் அவர்களுள் 2,941 பேர் குழந்தைகள் என்றும் மாநில அரசு தெரிவித்த கணக்கு அவ்வழக்கில் பதிவாயிற்று. பதிவுபெறாத கூடங்களும் வீட்டு வேலையும் இக்கணக்கில் இல்லை. உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால் சிப்பமிடும் வேலையில் குழந்தைகளை அமர்த்தலாம் என நீதிமன்றம் இசைந்தது; அவர்களுக்கு வயது வந்தோர் கூலியில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது; ஊழியர் ஒவ்வொருவரையும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்வதைப் பணி நிபந்தனையாக்கியது.

இத்தீர்ப்பின் இன்னோர் ஆணை ஆய்வாளர்களிடம் உரிய கவனத்தைப் பெறவில்லை. ஆணைகள் நிறைவேறுகின்றனவா எனப் பார்க்க நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. மாவட்ட நீதிபதி, அன்றைய காமராசர் மாவட்டத்தின் ஆட்சியர், அப்பகுதியில் செயல்படும் சமூகப் பணியாளர் ஒருவர், ஊராட்சிப் பிரதிநிதி ஒருவர், தொழிலாளர் அலுவலர் ஆகியோர் அதன் உறுப்பினர். 1985இல்தான் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த ஒரு மாவட்டத்தில், தொழிலிடப் பாதுகாப்பை மேற்பார்வையிட நீதிமன்ற ஆணையால் நின்ற உள்ளூர்க் குழு இது. இன்றைய வழக்கில் சொன்னால் இது ஒரு மாவட்ட ஆலோசனை மன்றம். ஐந்து இடங்களுள் மருத்துவருக்கு இடமில்லை. தொழிலாளிக்கும் இடமில்லை. சமூகப் பணியாளரும் ஊராட்சிப் பிரதிநிதியும் தொழிலாளர் சார்பில் பேசுவார்கள் என நீதிமன்றம் கருதியிருக்கக்கூடும். அக்கருத்து நல்லெண்ணம் சார்ந்ததே. எனினும் ஒருவருக்காகப் பேசுவதும் அவரே பேசுவதும் ஒன்றல்ல என்பதைத் தொழிற்சங்க வரலாற்றைப் பயின்ற எவரும் அறிவர். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, போபால் நச்சுவாயு விபத்தின் படிப்பினையாகத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 41-ஜி பிரிவு, இடர்மிக்க செயல்முறை கொண்ட ஆலைகளின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என விதித்திருந்தது. ஆலைக்குள் ஏற்கப்பட்ட நெறி மாவட்ட அளவில் மறக்கப்பட்டது.

அத்தீர்ப்பின் பின் சிவகாசிப் பட்டாசு ஆலையொன்றில் நிகழ்ந்த பெருவிபத்தின் செய்தி கண்டு நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை மீண்டும் கையிலெடுத்தது. 39 பேர் இறந்தனர் என மாநில அரசு பதிலுரைத்தது. ஆர்.கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே.சி. துவா ஆகிய மூவர் கொண்ட வழக்கறிஞர் குழு களம் சென்று, 1991 நவம்பர் 11 அன்று அறிக்கை அளித்தது.

அவ்வறிக்கையின் பரிந்துரைகள் இன்றும் படிக்கத் தக்கவை. பட்டாசு ஆலைகளில் குழந்தைகளை அறவே தவிர்த்தல், துண்டுவேலைக் கூலியை ஒழித்து மாத ஊதியம் தருதல், பதிவுபெற்ற ஆலை, பதிவுபெறாத ஆலை, குடிசைத் தொழில், ஒப்பந்த வேலை என வேறுபாடின்றி எல்லாத் தொழிலாளரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவருதல் ஆகியவற்றை அது வேண்டியது. நலநிதிக்கு முதலாளி தொழிலாளி ஒருவருக்கு மாதம் 2 ரூபாய் செலுத்த வேண்டும், அரசு அதற்கு இணையான தொகை தரவேண்டும் என்றது. எல்லாவற்றினும் கருதத்தக்கது மற்றொன்று: அப்போதிருந்த குழுவுக்கு மாற்றாக, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அல்லது அவருக்கு இணையான ஒருவர் தலைமையில் இரு சமூகப் பணியாளர் கொண்ட குழுவை அமைத்து, அதை நீதிமன்றத்துக்குப் பொறுப்புடையதாக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஓராண்டுக்கு முன் நிறுவப்பட்ட உள்ளூர்க் குழுவின் மீதான ஐயம் இப்பரிந்துரையில் வெளிப்படையாகவே தெரிகிறது. துண்டுவேலைக் கூலியைப் பாதுகாப்புடன் சேர்த்துப் பார்த்ததும் கூர்மையான பார்வை. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை விரையும். உராய்வுக்கு அஞ்ச வேண்டிய பொருளைக் கையாளும் இடத்தில் விரைவே முதல் இடர்.

1996 டிசம்பர் 10 அன்று குல்தீப் சிங், பி.எல். ஹன்சாரியா, எஸ்.பி. மஜ்முதார் ஆகியோர் கொண்ட அமர்வு இறுதித் தீர்ப்பை வழங்கியது. குழந்தை உழைப்பு இப்போது நாடு முழுமைக்குமான கேடாகிவிட்டது என்னும் நோக்கில் தீர்ப்பு சிவகாசியைக் கடந்து சென்றது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்ற புகழ்பெற்ற ஆணை இதில்தான் வந்தது. குழந்தைகளின் வரலாற்றில் இது பெரும் பேறு. ஆயினும் 39 பேரின் சாவில் தொடங்கிய விசாரணை, முடிவில் அடிபட்ட வயது வந்தோரைப் பற்றிய ஆணைகளின்றி நிறைவுற்றது. உள்ளூர் சார்ந்த நுட்பமான பரிந்துரைகள் நாடு தழுவிய தீர்ப்பொன்றில் கரைந்து போயின.

‘படுகாயம்’

குழுக்கள் காணாததை மொழியும் காட்டவில்லை. வெடிவிபத்துச் செய்திகளுக்குத் தமிழ் நாளிதழ்கள் ஒரு நிலையான சொற்கூட்டத்தை வளர்த்துள்ளன. அறைகள் ‘தரைமட்டமாயின’, தொழிலாளர் ‘உடல் கருகி’ இறந்தனர், எஞ்சியோர் ‘படுகாயம்’ அடைந்தனர். காயம் என்ற சொல் தமிழில் உடலையும் குறிக்கும், உடலில் பட்ட புண்ணையும் குறிக்கும். ‘படுகாயம்’ என்ற ஒரே சொல்லுக்குள் எரிந்த தோலும் முறிந்த எலும்பும் கலங்கிய மூளையும் வேறுபாடின்றி அடங்கிவிடுகின்றன. ‘கருகி’ என்ற வினையெச்சம் தீயை முன்னிறுத்துகிறது. ‘தரைமட்டம்’ என்ற சொல்லோ, அறையின் சுவரும் கூரையும் உள்ளிருந்தோர் மேல் விழுந்தன என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. இச்செய்திகளைப் படிப்போர் முதற்சொல்லை நினைவில் கொள்கின்றனர், இரண்டாம் சொல்லைக் கட்டடத்தின் கணக்கில் எழுதிவிடுகின்றனர்.

மருத்துவம் வெடிப்பின் விளைவுகளை நான்காகப் பகுக்கிறது. காற்றழுத்த அலை நேரே உடலைத் தாக்குவது முதலாவது. செவிப்பறையும் நுரையீரலும் இதற்கு முதலில் இலக்காகும். சிதறும் துண்டுகள் பாய்வது இரண்டாவது. உடல் தூக்கி எறியப்படுவது மூன்றாவது; இடிபாட்டில் நசுங்குவதையும் இதனோடு சேர்ப்பர். தீக்காயமும் நச்சுப்புகையும் நான்காவது. முதல் மூன்றும் தலையைத் தாக்க வல்லவை. பட்டாசு ஆலை விபத்தில் நான்காவதே கண்ணுக்குத் தெரிவது. முதல் உலகப் போரின்போது 1915இல் ‘லான்செட்’ இதழில் சார்லஸ் மயர்ஸ், குண்டதிர்ச்சியால் பார்வையும் நினைவும் குன்றிய படைவீரர் சிலரைப் பற்றி எழுதிய நாள் முதல், வெடிப்பின் அலை மட்டுமே மூளைக்கு ஊறு செய்யுமா என்ற விவாதம் மருத்துவ உலகில் நடந்து வருகிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பின் அது மீண்டும் சூடுபிடித்தது. அவ்விவாதம் முழுதும் படைவீரரைச் சுற்றியே அமைந்தது. வெடிமருந்துடன் நாள்தோறும் வாழும் குடிமக்கள் அதில் இடம்பெற்றது அரிது.

தடுப்பு விதிகளும் தீயை நோக்கியே அமைந்தவை. பருத்தி உடை உடுத்தல், இரும்புக் கருவியைத் தவிர்த்தல், தரையில் இரப்பர் விரிப்பு இடுதல், நிலைமின்னைக் கடத்தச் செம்புத் தகடு பதித்தல், அறையில் ஆட்களின் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் கட்டுப்படுத்தல், அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடல் ஆகிய யாவும் பொறி பிறவாமல் காக்கவும், பிறந்தால் பரவாமல் காக்கவும் ஆனவை. அவை மிகத் தேவையானவை. அவை மீறப்பட்ட இடங்களில்தான் உயிர்கள் போயின. ஆனால் பொறி பிறந்துவிட்டபின் அறையின் கூரை எப்பொருளால் ஆனது, அது எத்திசையில் விழும் என்ற கேள்வி பொதுவிவாதத்தில் அருகியே எழுந்தது.

கட்டைவிரலுக்கு 30

காயத்தை அளக்கும் அளவுகோல் குழுக்களுக்கு முந்தையது. இரு நாடார் இளைஞரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட அதே 1923ஆம் ஆண்டில்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதல் அட்டவணை உடலைப் பகுதி பகுதியாக விலையிடுகிறது. இரு கைகளையும் இழத்தல், வேலை செய்ய இயலாவண்ணம் பார்வை இழத்தல், முகம் மிகக் கடுமையாகச் சிதைதல், முற்றான செவிட்டுத்தன்மை ஆகியவற்றுக்கு ஈட்டுதிறன் இழப்பு 100 விழுக்காடு. கட்டைவிரலுக்கு 30. சுட்டுவிரல் முழுவதற்கும் 14. விரலின் எத்தனை கணுக்கள் போயின என்பது வரை அட்டவணை கணக்கிடுகிறது. நெசவாலையும் அச்சகமும் பெற்றெடுத்த அட்டவணை இது. எந்திரம் எதை வெட்டுமோ அதை அது அறியும்.

அதில் மூளை இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு 4ஆம் பிரிவு வழிசெய்யாமல் இல்லை: தகுதிபெற்ற மருத்துவர் ஈட்டுதிறன் இழப்பை மதிப்பிட வேண்டும். ஆனால் அவ்வாறு மதிப்பிடும்போது அட்டவணையிலுள்ள காயங்களின் விழுக்காட்டை உரியவாறு கருத்தில் கொள்ள வேண்டும் எனவும் அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. நினைவு தடுமாறுபவரின் இழப்பை விரலிழந்தவரின் இழப்போடு ஒப்பிட்டு எழுத வேண்டிய நிலையில் மருத்துவர் நிற்கிறார். ஈட்டுறுதித் திட்டத்துக்கு உட்பட்டோர்க்கு மருத்துவ வாரியம் இதைச் செய்கிறது. 1948ஆம் ஆண்டின் அச்சட்டமும் இதே வகை அட்டவணையையே கொண்டுள்ளது.

மிதமான தலைக்காயத்தின் இயல்பை நோக்கினால் இதன் கடுமை விளங்கும். ஓயாத தலைவலி, உறக்கக் கேடு, எரிச்சல், மறதி, கவனம் நிலைகொள்ளாமை ஆகியவை அதன் அடையாளங்கள். அவை மருத்துவமனைப் படுக்கையில் தெரிவதைவிட வீடு திரும்பியபின் தெரிவதே மிகுதி. மருத்துவர் காண்பதைவிட மனைவியோ மகளோ காண்பதே மிகுதி. தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவுப்படி, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாமற் செய்யும் காயமே அறிவிக்கத்தக்க காயமாக இருந்தது. துண்டுவேலைக் கூலியில் வாழும் ஒருவர், கை கால் இயங்குமானால், மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிடுவார். வந்துவிட்டால் அவருடைய காயம் அறிவிக்கத்தக்கதாகாது. இழப்பீட்டுக் கோரிக்கைக்கான காலவரம்போ இரண்டாண்டாக இருந்தது. சரவெடி பின்னுகிறவர் எண்ணிக்கை தவறிக்கொண்டே போவதும், மருந்து அளப்பவருக்குக் கை பழகிய வரிசை மறப்பதும் கூலிக் குறைவாக வீட்டில் பதிவாகுமே தவிர, காயமாக எந்த ஏட்டிலும் பதிவாக வழியில்லை. அவ்விருவரும் அதே வேலையில் தொடர்வது மற்றோர் விபத்துக்கு விதையாகவும் கூடும். தடுப்பையும் சிகிச்சையையும் தனித்தனியே பேச இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முதலிப்பட்டியும் அச்சங்குளமும்

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலுள்ள ஓம் சக்தி பட்டாசு ஆலையில் நிகழ்ந்த விபத்தில் 38 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு தெரிவித்தது. முதல் வெடிப்பைக் கண்டு மீட்கவும் பார்க்கவும் ஓடிவந்த அண்டை ஊரார் இறந்தோருள் பலர். ஆலையின் ஊழியர் பட்டியலில் இல்லாத இவர்கள் தொழிலாளர் சட்டத்தின் எந்த வரையறைக்குள்ளும் வாராதவர். ஆனால் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் ஓடுவது அப்பகுதியின் அறம். நடுவண் அரசு சைதன்ய பிரசாத் தலைமையில் குழு அமைத்தது. உரிமம், ஆய்வு, இருப்பு அளவு ஆகிய ஒழுங்குமுறைச் செய்திகளே பேசுபொருளாயின.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரித்தது. பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் எண்மர் குழு அமைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு வேண்டும் என 1991இல் எழுதப்பட்ட பரிந்துரை முப்பதாண்டு கழித்து வேறொரு வாயிலால் நிறைவேறியது போன்ற தோற்றம் இதற்கு உண்டு. வேறுபாடு யாதெனின், முன்னது நிலையான குழுவை வேண்டியது, பின்னது ஒரு விபத்துக்கான குழு. உள்குத்தகையும் பயிற்சியின்மையும் இவ்விபத்தையொட்டி வெளிச்சத்துக்கு வந்தன. தீர்ப்பாயம் இறந்தோர் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் என இழப்பீட்டை வரையறுத்தது. முந்தைய தொகைகளோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். காயமுற்றோரை அது படிநிலைப்படுத்திய விதம் இங்குக் கருதத்தக்கது. உடலில் 50 விழுக்காட்டுக்கு மேல் எரிந்தோர், 25 முதல் 50 விழுக்காடு எரிந்தோர் என்றவாறு தீக்காயப் பரப்பே அளவுகோலாயிற்று. தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இழப்பீட்டுக்குரியவற்றுள் நிலையான, தற்காலிகமான, முழுமையான, பகுதியான ஊனம் அனைத்தையும் சேர்த்திருக்கிறது. சட்டம் விரிவாக இருந்தும் அளவுகோல் சுருங்கியது. இதற்கு எவரையும் குறை கூற இயலாது. தீக்காயப் பரப்பு ஒவ்வொரு நோயாளியின் தாளிலும் ஆயத்தமாக எழுதப்பட்டிருக்கும் எண். விரைந்து பணம் வழங்க விரும்பும் மன்றம் ஆயத்தமாகக் கிடைக்கும் எண்ணையே எடுத்தாளும்.

மருத்துவமனைக்குச் செல்லும் வழி

தமிழ்நாட்டில் நரம்பு அறுவை மருத்துவம் பழைமையானது. வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும் சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் பா. இராமமூர்த்தியும் அத்துறையைத் தொடங்கினர். பட்டாசுப் பகுதிக்கோ, சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவும் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள மதுரை இராசாசி மருத்துவமனையுமே நெடுங்காலம் புகலிடம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்றுதான் திறக்கப்பட்டது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2021 டிசம்பர் 18 அன்று, ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு கட்டணமின்றி வழங்குகிறது. தலைக்காயச் சிகிச்சையில் முதல் மணிகள் எத்துணை மதிப்புடையவை என்பதை அரசு உணர்ந்து செயல்பட்டதற்கு இத்திட்டம் நற்சான்று. ஆனால் அது சாலைக்கு உரியது. ஆலைச் சட்டத்தில் 48 மணி நேரம் காயத்தை விலக்கும் எல்லை, சாலைத் திட்டத்தில் அதே 48 மணி நேரம் உயிரைக் காக்கும் எல்லை. சாத்தூர்–சிவகாசி சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தவரும் அச்சாலையோர ஆலையில் சுவர் சரிந்து அடிபட்டவரும் ஒரே மருத்துவமனைக்குச் செல்லும் இருவேறு கணக்கினர்.

ஆலோசனை வாரியங்கள்: இரு முன்மாதிரிகள்

சிவகாசி வழக்கின் இறுதித் தீர்ப்பு வந்த 1996ஆம் ஆண்டிலேயே, சூலைத் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகள் மூளைக்காயம் பற்றிய தனிச் சட்டம் ஒன்றை இயற்றின. மூளைக்காயப் பணிகளை மேம்படுத்த நடுவண் நிதி வேண்டும் மாநிலம் தன் நலவாழ்வுத் துறையில் ஓர் ஆலோசனை வாரியத்தை நிறுவ வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அவ்வாரியத்தில் மூளைக்காயத்திலிருந்து மீண்டோர் அல்லது அவர்தம் குடும்பத்தார் கணிசமான எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும் எனச் சட்டமே விதித்தது. அமெரிக்க முறையைப் போற்றிப் பின்பற்ற வேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. காப்பீடற்றோர் நிலையில் அந்நாட்டின் குறைகள் யாவரும் அறிந்தவை. உறுப்பினர் பட்டியலே ஒரு குழுவின் கேள்வியை மாற்றவல்லது என்பதற்கு மட்டுமே இஃது எடுத்துக்காட்டு. பிழைத்தவர் அமர்ந்திருக்கும் அவையில் எத்தனை பேர் இறந்தனர் என்பதோடு விசாரணை நிற்க இயலாது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய அமைப்பு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒருங்கிணைப்புக் குழுக்களுக்கு மாற்றாக நடுவண் ஆலோசனை வாரியம், மாநில ஆலோசனை வாரியம், மாவட்டக் குழு என மூன்று நிலைகளை அது வகுத்தது. ஏழாக இருந்த ஊன வகைகளை 21 ஆக விரித்தது. அமில வீச்சுக்கு ஆளானோர் அப்பட்டியலில் இடம்பெற்றனர்; வெடிவிபத்தில் எரிந்தோர் தனி வகையாக இடம்பெறவில்லை. மூளைக்காயமும் தனிப்பெயர் பெறவில்லை. அதன் விளைவுகள் இயக்கக் குறைபாடாகவோ பேச்சுக் குறைபாடாகவோ மனநோயாகவோ சான்றிதழில் ஏற வேண்டும். இவற்றுள் எதிலும் பொருந்தாத மறதிக்கும் கவனச் சிதைவுக்கும் 40 விழுக்காட்டு வரம்பை எட்டுவது எளிதன்று.

2020ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு தேசிய அளவிலும் மாநில அளவிலும் பாதுகாப்பு ஆலோசனை வாரியங்களை அமைக்க வழிசெய்கிறது. மாநில வாரியம் அமையும்போது அதன் உறுப்பினர் பட்டியலை விருதுநகர் மாவட்டத்தின் கண்கொண்டு படிக்க வேண்டியிருக்கும்: 1990இன் ஐவர் குழுவில் இல்லாத அந்த இரு இடங்கள், மருத்துவருடையதும் அடிபட்ட தொழிலாளியுடையதும், அதில் உண்டா என்று. அதே ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. அதனுடன் கைகளும் விரல்களும் கண்களும் வரிசையிட்ட அட்டவணையும் புதிய தொகுப்பின் பின்னிணைப்பில் வந்து சேர்ந்திருக்கிறது.